பயிற்சிக் குறிப்பேட்டிலிருந்து மென்பொருள் வரை: அணிப் பயிற்சித் திட்டத்தின் வரலாறு

ஒரு விளையாட்டு அணி எந்த நாளில், எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமையாகப் பயிற்சி செய்ய வேண்டும், எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது பயிற்சித் திட்டம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இது உடற்கல்வி ஆசிரியரின் நீளமான நோட்டில் இருந்தது. இன்று பெரிய அணிகளில் இது ஒரு மென்பொருளில் இருக்கிறது. வீரர் காலையில் கைபேசியைத் திறந்து, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன், தொடை வலிக்கிறதா, மனம் எப்படி இருக்கிறது என்று பதிவு செய்கிறார். பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு அன்றைய வேலையைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார்.

மென்பொருள் புதியது. அது தீர்க்க முயலும் சிக்கல் மிகப் பழையது. ஏட்டில் எழுதிய திட்டத்துக்கும் அன்றைக்கு எதிரில் வந்து நிற்கும் உடலுக்கும் எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. பாடக்குறிப்பு எழுதிய ஆசிரியர் எவருக்கும் இது தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரவு எழுதியது புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் நிற்காது. அந்த இடைவெளியை அளக்க மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான்கு நாள் சுழற்சியும் ஒரு மரணமும்

எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய பயிற்சி அட்டவணைகளில் ஒன்று கிரேக்கர்களுடையது. நான்கு நாட்களை ஒரு சுற்றாக வைத்திருந்தார்கள். முதல் நாள் குறுகிய, வேகமான அசைவுகளால் உடலைத் தயார் செய்வது. இரண்டாம் நாள் முழு வலிமையுடன் கடும் பயிற்சி. மூன்றாம் நாள் தளர்வு. நான்காம் நாள் நடுத்தரம். பிறகு மீண்டும் முதலில் இருந்து. இன்றைய பயிற்சியாளர் ஒருவரிடம் இதைக் காட்டினால் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார். கடுமைக்குப் பின் ஓய்வு என்ற அடிப்படை அதில் இருக்கிறது.

கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஃபிலோஸ்ட்ராட்டஸ் என்பவர் உடற்பயிற்சிக் கலை பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இந்த நான்கு நாள் முறையை அவர் கடுமையாகச் சாடுகிறார். அதற்கு அவர் காட்டும் சான்று ஜெரெனோஸ் என்ற மல்லர். எகிப்தின் நௌக்ராட்டிஸ் நகரத்தவரான அவர் ஒலிம்பியாவில் வென்றார். நண்பர்களோடு விருந்தும் மதுவுமாக வெற்றியைக் கொண்டாடினார். மறுநாள் பயிற்சிக்கூடத்துக்கு வந்தபோது, உண்டது செரிக்கவில்லை, உடல் சரியில்லை என்று பயிற்சியாளரிடம் சொன்னார். சுற்று கெட்டுப்போகிறதே என்று பயிற்சியாளருக்குக் கோபம். அட்டவணைப்படி அன்றைய வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டார். பயிற்சியின் நடுவிலேயே ஜெரெனோஸ் இறந்தார்.

இக்கதையை விளையாட்டு வரலாற்று நூல்கள் ஒரு வேடிக்கைத் துணுக்குப் போலக் கடந்து போய்விடுகின்றன. எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. வீரர் வாய் திறந்து சொல்லியிருக்கிறார்; கேட்டவர் கையில் அட்டவணை இருந்தது. இதற்குப் பின் வந்த முறைகள் ஒவ்வொன்றையும், சொல்லப்பட்டதைக் கேட்க அதில் வழி இருந்ததா என்று பார்ப்பது நல்லது.

சென்னை, பட்டியாலா, சோவியத் நாடு

தமிழ்நாட்டில் உடற்கல்வியை ஒரு தொழிலாகக் கற்பிக்கத் தொடங்கியவர் ஹாரி குரோ பக். அமெரிக்கரான அவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராகவும் இருந்தார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அக்கல்லூரியில் படித்தவர்கள்தான் நம் பள்ளிகளுக்கு ஊதலும் வெள்ளைச் சட்டையுமாக வந்த முதல் தலைமுறை ஆசிரியர்கள். அவர்கள் கொண்டுவந்தது பெரும்பாலும் வகுப்புக்கான திட்டம்: கூட்டு உடற்பயிற்சி, அணிவகுப்பு, விளையாட்டு விதிகள். ஓர் அணியை ஆறு மாதம் கழித்து வரும் போட்டிக்காகப் படிப்படியாக ஏற்றிச் செல்லும் திட்டம் வேறு இடத்திலிருந்து வந்தது.

1936-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே எலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். குளிர், நஞ்சு, காயம், மிகை உழைப்பு என எது தாக்கினாலும் உடல் ஒரே வகையில் எதிர்வினை காட்டுவதைக் கண்டார். முதலில் அதிர்ச்சி, பிறகு தாக்குப்பிடித்தல், தாக்குதல் நீடித்தால் சோர்ந்து வீழ்தல். அவர் விளையாட்டைப் பற்றி எழுதவில்லை. ஆனால் பயிற்சியும் உடலின் மீது ஒரு தாக்குதல்தானே என்று விளையாட்டுத் துறையினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அளவாகத் தாக்கி, ஓய்வு கொடுத்து, முன்பைவிடச் சற்று வலுவான நிலையில் உடலைக் கொண்டுவந்து நிறுத்துவதே பயிற்சி என்ற விளக்கம் பிறந்தது.

சோவியத் அறிஞர் லெவ் மத்வெயெவ் 1960களின் நடுவில் இதை ஓர் ஆண்டுத் திட்டமாக வகுத்தார். ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி உழைக்கக் கூடாது என்பது அதன் சாரம். தயாரிப்புக் காலத்தில் அளவு அதிகம், கடுமை குறைவு. போட்டி நெருங்க நெருங்க அளவு குறையும், கடுமை கூடும். போட்டிகள் முடிந்தபின் இடைக்காலம். ஆண்டைப் பெருஞ்சுழற்சி என்றும், சில வாரங்களை இடைச்சுழற்சி என்றும், ஒரு வாரத்தை நுண்சுழற்சி என்றும் பிரித்தார்கள். நம் ஊரில் விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு என்று பருவம் பார்த்து வேலை செய்பவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

இந்தியாவில் 1961-இல் பட்டியாலாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதற்கு நேதாஜி சுபாஷ் பெயர் சூட்டப்பட்டது. கிழக்கு ஐரோப்பிய, சோவியத் பயிற்சி முறைகள் இந்நிறுவனத்தின் வழியாக இந்தியாவெங்கும் பரவின. 'என்.ஐ.எஸ். முடித்தவர்' என்பது இன்றும் மாவட்ட விளையாட்டரங்குகளில் ஒரு தகுதிச் சொல். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-இல் அமைந்தபின் அதன் விடுதிகளிலும் இவ்வகைப் பயிற்சியாளர்கள் பணியாற்றினார்கள். கட்டம் போட்ட தாளில் வண்ணப் பென்சிலால் வாரங்களைப் பிரித்து, சுவரில் ஒட்டி வைப்பார்கள்.

கீவ் நகரத்துக் கணினி

கணினியை அணிப் பயிற்சிக்குள் முதன்முதலில் தீவிரமாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வலேரி லோபனோவ்ஸ்கி. பொறியியல் படித்த கால்பந்து வீரர். 1970களின் முற்பகுதியில் உக்ரைனின் டைனமோ கீவ் அணிக்குப் பயிற்சியாளரானார். அனத்தோலி செலென்ட்சோவ் என்ற அறிவியலாளரைச் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு வீரரின் வேகம், தாங்கும் திறன், எதிர்வினை நேரம், நினைவாற்றல் எல்லாவற்றையும் சோதித்து எண்களாக்கினார்கள். யாருக்கு எவ்வளவு சுமை என்பதைக் கணக்கிட்டார்கள். 1975-இல் அந்த அணி ஐரோப்பியக் கோப்பை வென்றவர்களுக்கான கோப்பையைக் கைப்பற்றியது. இறுதிப் போட்டியில் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஸை 3-0 என வென்றது. அதே ஆண்டு அணியின் ஒலெக் பிளோகின் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார்.

பாடநூல்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளும். அடுத்த ஆண்டு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1976-இல் டைனமோ கீவ் அணியே ஏறத்தாழ முழுதாகச் சோவியத் தேசிய அணியாகவும் ஆடியது. உள்நாட்டுத் தொடர், ஐரோப்பியப் போட்டிகள், மாண்ட்ரியல் ஒலிம்பிக் என்று ஒரே வீரர்கள் மீது எல்லாம் விழுந்தது. கணக்கிட்ட கடும் பயிற்சியும் தொடர்ந்தது. தங்கம் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் வெண்கலம்தான் கிடைத்தது. களைத்துப்போன வீரர்கள் பயிற்சிக் குழுவுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். சோவியத் நாட்டில், அந்தக் காலத்தில், விளையாட்டு வீரர்கள் தங்கள் பயிற்சித் திட்டத்துக்கு எதிராக வாய் திறந்தார்கள் என்றால் உடல் எவ்வளவு சொல்லியிருக்க வேண்டும்! லோபனோவ்ஸ்கி சுமையைத் தளர்த்திக்கொண்டு தொடர்ந்தார். 1986-இல் அதே கோப்பையை மீண்டும் வென்றார்.

களைப்பை எண்ணாக்குதல்

1975-இல் கனடாவின் எரிக் பானிஸ்டரும் அவர் குழுவினரும் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் அடியில் அதுதான் ஓடுகிறது. ஒவ்வொரு பயிற்சியும் இரண்டு விளைவுகளைத் தருகிறது: தகுதி, களைப்பு. களைப்பு பெரிதாக வந்து சில நாட்களில் வடியும். தகுதி சிறிதாக வந்து பல வாரங்கள் தங்கும். தகுதியிலிருந்து களைப்பைக் கழித்தால் அன்றைய திறன். போட்டிக்குச் சில நாட்கள் முன்பு பயிற்சியைக் குறைப்பது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும். களைப்பு வடிந்துவிடும், தகுதி இன்னும் வடிந்திருக்காது.

சரி, ஒரு பயிற்சியின் சுமையை எப்படி அளப்பது? ஓட்டக்காரருக்குத் தூரம் உண்டு. கைப்பந்து ஆடுபவருக்கு? அமெரிக்கர் கார்ல் ஃபாஸ்டர் 1990களில் மிக எளிய வழி ஒன்றைச் சொன்னார். பயிற்சி முடிந்து சுமார் அரைமணி கழித்து வீரரிடம் கேளுங்கள்: 'பத்துக்கு எவ்வளவு கடினமாக இருந்தது?' அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடப் பயிற்சிக்கு வீரர் 6 என்றால் சுமை 540. அதே 90 நிமிடத்துக்கு இன்னொருவர் 8 என்றால் அவருக்கு 720. இருவரும் ஒரே மைதானத்தில், ஒரே ஊதலுக்கு ஓடியவர்கள்தான். இந்த வகை அளவுகோலுக்கு முன்னோடி சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க். 1960களிலேயே உழைப்பின் கடுமையை உழைப்பவரின் சொல்லால் அளக்கலாம் என்று காட்டியவர் அவர்.

எனக்கு இது ஒரு பெரிய திருப்பமாகப் படுகிறது. நெஞ்சுத்துடிப்புக் கருவியும் இரத்தப் பரிசோதனையும் வந்த பிறகும், வீரரைக் கேட்டுப் பெற்ற ஓர் எண் ஆய்வுகளில் நன்றாகவே ஈடுகொடுத்தது.

அடுத்து வந்தது விகிதம். மாணவர்கள் இதை நோட்டில் போட்டுப் பார்க்கலாம். ஒருவரின் நான்கு வாரச் சுமைகள் 1200, 1400, 1400, 2400 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 6400, சராசரி 1600. கடைசி வாரத்தின் 2400-ஐ 1600-ஆல் வகுத்தால் 1.5. ஆஸ்திரேலியாவின் டிம் காபெட் முதலியோர் வேகப்பந்து வீச்சாளர்களையும் ரக்பி வீரர்களையும் ஆராய்ந்து, இவ்விகிதம் 0.8 முதல் 1.3 வரை இருந்தால் காயத்துக்கான வாய்ப்பு குறைவு, 1.5-ஐத் தாண்டினால் அதிகம் என்றார்கள். பத்தாண்டுகளுக்கு முன்பு இந்த எண் உலகெங்கும் பரவியது. மென்பொருள் திரைகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பெற்றது. பின்னர் புள்ளியியல் அறிந்த ஆய்வாளர்கள் இதன் கணக்கிலேயே குறைகள் உள்ளன, இதைக் கொண்டு காயத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று வாதிட்டார்கள். அவ்வாதம் வலுவானது. திடீரென்று சுமையை ஏற்றாதே என்ற பழைய அறிவு நிற்கிறது. 1.5 என்ற எல்லைக்கோடு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

மடிக்கணினி வந்த கதை

பயிற்சியாளர்களின் முதல் மென்பொருள் எது என்று கேட்டால், நான் விரிதாள் என்பேன். 1979-இல் விசிகால்க்கும் 1985-இல் எக்செலும் வந்தபின், நோட்டில் இருந்த கட்டங்கள் அப்படியே திரைக்குப் போயின. தனியாகப் பயிற்சித் திட்டத்துக்கென்றே எழுந்த இணைய மென்பொருள்களில் 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய டிரெயினிங்பீக்ஸ் முன்னோடி. மிதிவண்டி ஓட்டுநர்களும் நெடுந்தூர ஓட்டக்காரர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். 2006-இல் மெல்போர்னில் தொடங்கிய கேட்டபல்ட் நிறுவனம் ஜி.பி.எஸ். கருவியை வீரரின் உடையில், தோள்பட்டைகளுக்கு நடுவில் பொருத்தியது. கடந்த தூரம், வேக ஓட்டம், திடீர் முடுக்கம் எல்லாம் தானாகப் பதிவாயின. கூரைக்கு அடியில் வானத்துச் சைகை கிடைக்காது என்பதால் கபடி, கைப்பந்து போன்ற உள்ளரங்க ஆட்டங்களுக்கு வேறு உணரிகள் தேவைப்பட்டன.

கிரிக்கெட்டில் மடிக்கணினியை முதலில் தோளில் மாட்டித் திரிந்தவர்களில் ஒருவர் பாப் ஊல்மர். 1999 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கத் தலைவர் ஹான்ஸி குரோன்யேவின் காதில் ஒலிக்கருவி பொருத்தி, வெளியிலிருந்து ஆலோசனை சொல்லப் பார்த்தவரும் அவரே. நடுவர்கள் பார்த்துவிட்டார்கள், கழற்ற வேண்டியதாயிற்று. இந்திய அணிக்கு ஜான் ரைட் பயிற்சியாளராக இருந்த 2000களின் தொடக்கத்தில், சென்னையைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் கணினி ஆய்வாளராகப் பணியாற்றினார். அவர் உருவாக்கிய ஸ்போர்ட்ஸ்மெக்கானிக்ஸ் நிறுவனம் சென்னையிலிருந்தே இயங்கியது. அது பெரும்பாலும் ஆட்டத்தைப் பகுத்துப் பார்க்கும் வேலை. உடலைப் பகுத்துப் பார்க்கும் வேலையிலும் சென்னைக்குப் பங்குண்டு. 2011 உலகக் கோப்பையை வென்ற அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளர் ராம்ஜி சீனிவாசன். அவருக்குப் பின்னர் அப்பொறுப்புக்கு வந்த சங்கர் பாசு காலத்தில், 2017-இல், யோ-யோ சோதனை அணித் தேர்வுக்கான கதவானது.

டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ வகுத்த சோதனை அது. இருபது மீட்டர் தூரத்தை ஒலிக்கு ஒலி ஓடித் திரும்பி, பத்து நொடி இளைப்பாறி, மீண்டும் ஓட வேண்டும். வேகம் கூடிக்கொண்டே போகும். இந்திய அணி வைத்த எல்லை 16.1. அந்த எண்ணைத் தொடாதவர்கள் வெளியே நின்றார்கள். ஒரு சோதனை எண் பயிற்சியைத் திருத்தப் பயன்படுவது வேறு, ஆளை விலக்கப் பயன்படுவது வேறு. இரண்டாவது வந்துவிட்டால் வீரர் உண்மையைச் சொல்லத் தயங்குவார். இதைப் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

ஹாக்கி: வீழ்ச்சியும் எழுச்சியும்

மென்பொருளும் திட்டமும் ஓர் அணியை எவ்வாறு மாற்றின என்பதை இந்திய ஹாக்கியில் தெளிவாகக் காணலாம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. இந்தியா ஏழாம் இடம் பெற்றது. 1980-இல் மாஸ்கோவில் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்றாலும், புதிய தரை கேட்ட ஓட்டம் வேறு. பந்து நிற்காமல் ஓடுகிறது, வீரரும் நிற்க முடியாது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்று வீரர்களை இறக்கலாம் என்ற விதியும், பிறகு பதினைந்து நிமிடம் வீதம் நான்கு பகுதிகள் என்ற முறையும் வந்தபின், ஒவ்வொருவரும் சில நிமிடம் முழு வேகத்தில் ஓடி வெளியே வந்து மீண்டும் உள்ளே போகும் ஆட்டமாக அது மாறியது. அத்தகைய ஆட்டத்துக்கு நாளெல்லாம் ஒரே சீராக ஓடவிடும் பழைய பயிற்சி போதாது.

2011-இல் மைக்கேல் நாப்ஸ் பயிற்சியாளராக வந்தபோது, உடலியங்கியல் அறிந்த டேவிட் ஜான் உடன் வந்தார். இருவரும் ஆஸ்திரேலியர்கள். மறு ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பன்னிரண்டாவது, அதாவது கடைசி இடம். அறிவியல் வந்தால் அடுத்த ஆண்டே பதக்கம் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து வந்த ஆண்டுகளில் பயிற்சியாளர்கள் பலர் மாறினார்கள். ஆனால் ஜி.பி.எஸ். உடையும், அன்றாடப் பதிவும், ஒவ்வொருவருக்கும் தனிச் சுமைக் கணக்கும் நின்றுவிட்டன. ஆடவர் அணிக்கு ராபின் ஆர்கெல்லும் மகளிர் அணிக்கு வெய்ன் லொம்பார்டும் அறிவியல் ஆலோசகர்களாக இருந்தார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இரு அணிகளும் பெங்களூரு இந்திய விளையாட்டு ஆணைய வளாகத்தில் இருந்தன. ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. பல வாரங்கள் அறைகளிலும் சிறு வெளிகளிலும் முடங்கிக் கிடந்த வீரர்கள் ஜூனில்தான் வீடு திரும்பினார்கள். ஓராண்டுத் திட்டம் முழுவதையும் கிழித்துவிட்டு மீண்டும் எழுத வேண்டிய நிலை. கிரிக்கெட் வீரர்களும் வீட்டிலிருந்தே செயலியில் தங்கள் பயிற்சியைப் பதிவு செய்தார்கள். பானிஸ்டரின் கணக்கு இங்கே நடைமுறைக்கு வருகிறது. நின்றுபோன உடலில் களைப்பு இல்லை, ஆனால் தகுதியும் வடிந்திருக்கிறது. உற்சாகத்தில் பழைய சுமையை உடனே ஏற்றினால் தசைநார் கிழியும். ஆகவே வாரம் வாரமாக, எண் பார்த்து ஏற்ற வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஆடவர் அணி ஜெர்மனியை 5-4 என வென்று வெண்கலம் பெற்றது. 1-3 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்ட ஆட்டம் அது. நாற்பத்தோரு ஆண்டுகளுக்குப் பின் வந்த பதக்கம். மறுநாள் மகளிர் அணி பிரிட்டனிடம் 3-4 எனத் தோற்று நான்காம் இடம் பெற்றது. அதுவரை ஒலிம்பிக் அரையிறுதியையே காணாத அணி அது. இவ்வெற்றிகளை மென்பொருளின் கணக்கில் எழுதுவது பிழை. கடைசிப் பகுதியிலும் ஓட முடிந்தது என்பதில் அதற்குப் பங்குண்டு என்பது வரை சொல்லலாம்.

தமிழ்நாட்டில் கோவில்பட்டி ஹாக்கி ஊர். அங்குப் பயிற்சி பெற்ற அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம், 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்தார். மாவட்டத்து மைதானத்திலிருந்து ஜி.பி.எஸ். உடை வரை ஒருவர் போய்ச் சேரும் வழி இன்று இருக்கிறது. குறுகலானதுதான்.

பதிவாகாத சுமை

நான் வசிக்கும் களம்பூர், ஆரணிக்கும் போளூருக்கும் இடையில் உள்ளது. வெளியூரில் களம்பூர் என்றால் அரிசி என்பார்கள், ஆரணி என்றால் பட்டு என்பார்கள். இச்சுற்று வட்டாரத்தில் தறி ஓசை கேட்காத தெருக்கள் குறைவு. பட்டுப்புடவையின் கரையில் கொடியும் மயிலும் வருவதற்குத் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, எந்த இழை எழ வேண்டும் என்று சொல்கின்றன. 1804 வாக்கில் பிரான்சில் ஜக்கார்டு அமைத்த இந்த அட்டைமுறைதான் பின்னாளில் கணினிக்கு ஆணையிடும் துளை அட்டைகளுக்கு முன்மாதிரி ஆயிற்று. மென்பொருளின் ஒரு மூதாதை எங்கள் தெருவிலேயே தொங்குகிறது என்று மாணவர்களிடம் சொல்வேன். அட்டை இழையைக் கேட்பதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தாலும் அட்டை தன் போக்கில் நகரும். நெய்பவர் பார்த்து நிறுத்தி, முடிந்துவிட்டுத்தான் மேலே போவார்.

நான் அறிவியல் ஆசிரியர். பணிபுரிந்த பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர் இல்லாத ஓராண்டு, கைப்பந்து அணியை என்னிடம் ஒப்படைத்தார்கள். நூலகத்தில் கிடைத்த நூலைப் பார்த்து ஆறு வாரத் திட்டம் ஒன்று எழுதினேன். நாள்தோறும் மாலை 4.30 முதல் 6.30 வரை. தாவல், அடி, தடுப்பு. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பக்கம். மூன்றாம் வாரத்தில் எங்களின் சிறந்த அடிப்பாளன் தாவுவது குறைந்தது. அவன் பக்கத்தில் 'சோம்பல்' என்று எழுதி, கூடுதலாக முப்பது தாவல் கொடுத்தேன். மாவட்டப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டபோதுதான் தெரிந்தது. தந்தைக்கு உடல்நலம் இல்லை. முகூர்த்த மாதம், புடவை கொடுத்தாக வேண்டும். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனதும் குழித்தறியில் இறங்கி இரவு பதினோரு மணி வரை மிதி மிதித்திருக்கிறான். ஆறு வாரமும். 'ஏம்ப்பா சொல்லல?' என்றேன். 'நீங்க கேக்கல சார்' என்றான். அதற்குப் பிறகு அவன் ஆடவில்லை.

பெரிய அணிகளின் மென்பொருள் காலையில் கேட்கும் கேள்விகள் பொதுவாக ஐந்து: தூக்கம், களைப்பு, தசைவலி, மனநிலை, மன அழுத்தம். தங்கும் விடுதியும் உணவும் கிடைக்கும் வீரருக்கு இவை போதும். நம் பள்ளி மாணவருக்கு மைதானத்துக்கு வெளியே இன்னொரு பயிற்சி நடக்கிறது. தறி, அரிசி ஆலை, களத்து வேலை, தண்ணீர்க் குடம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது. பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு. ஃபாஸ்டரின் முறையில் கணக்கிட்டால், இரவு நான்கு மணி நேரத் தறி வேலைக்குப் பத்துக்கு 4 என்றே வைத்தாலும் 960. என் இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு 7 வைத்தால் 840. அவன் நாளில் பெரிய பயிற்சி என்னுடையது இல்லை.

பதிவு செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. கால் வலிக்கிறது என்று எழுதினால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம் சிறுவர்களுக்கு மட்டும் உரியது அன்று. உலகெங்கும் தொழில்முறை வீரர்கள் வலியைக் குறைத்தே எழுதுகிறார்கள். யோ-யோ எண்ணைப் போல, பதிவு விலக்குவதற்கான ஆயுதமானால், மறுநாளிலிருந்து எல்லா எண்களும் பச்சையாகிவிடும். யார் அந்தப் பதிவைப் பார்க்கலாம் என்பதும் கேள்வி. 2023-இல் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒரு மாணவியின் மாதவிடாய் நாள் குறிப்பை ஆசிரியரின் கைபேசியில் எல்லோரும் பார்க்கும் குழுவில் போடுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை விளக்க வேண்டியதில்லை. பயிற்சிக் குழுக்களுக்குப் புலனக் குழு வசதியாக இருப்பதால் இது நடக்கக்கூடியதே.

விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் பள்ளிகளுக்குத் தேவையில்லை. இலவச விரிதாளும் ஒரு கைபேசியும் போதும். ஓய்வுக்குப் பின் இங்குள்ள பிள்ளைகளின் கைப்பந்துப் பயிற்சிக்கு உதவும் இரு இளைஞர்கள் என்னிடம் அட்டவணை கேட்டார்கள். ஒருவருக்கு ஒரு வரி. பயிற்சி நிமிடம், பத்துக்கு எத்தனை, பெருக்கல், வாரக் கூட்டு, நான்கு வாரச் சராசரி. தூங்கிய மணி நேரம். வலி இருந்தால் எந்த இடம். இவ்வளவையும் அவர்களே போட்டுவிட்டார்கள். கடைசியில் ஒரு கட்டம் மட்டும் நான் சேர்க்கச் சொன்னேன்: 'நேற்று வீட்டில் என்ன வேலை, எவ்வளவு நேரம்?' முதல் வாரம் பிள்ளைகள் அதில் ஒன்றும் எழுதவில்லை. இரண்டாம் வாரம் ஒருத்தி எழுதினாள்: 'நெல் காயவைத்தது, 3 மணி.' அன்று அவளுக்குத் தாவல் பயிற்சியை நிறுத்தி, பந்து தூக்கிக் கொடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். மறுநாள் ஏழு பேர் அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தார்கள்.